வலப்பக்கத்து பேட்டரி

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவை நன்றாகச் சாத்திவிட்டு வாருங்கள். நான் சொல்லப்போவது குளிரில் நடந்த கதை.

ரிஸ்கெல்டி சாவியைத் திருப்பினான். லாரி ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது.

அப்போதுதான் விடிந்திருந்தது. நண்பகலில் ஓஷ் நகரத்தில் விமானம் இறங்கும். அதில் தம்பி சபிர் வருகிறான். நடுவில் தல்திக் கணவாய். நேற்று கொட்டிய பனியில் அதை ஏறிக் கடக்கக்கூடிய வண்டி எங்கள் சாரிமொகோல் ஊரில் இந்த நிலக்கரி லாரி ஒன்றுதான்.

இன்றைக்கும் கிளம்பாவிட்டால் ஊர் முகத்தில் அவன் விழிக்க முடியாது. அம்மா முகத்தில் சுத்தமாக முடியாது.

இறங்கிப் போய் பேட்டரிப் பெட்டியின் மூடியைத் தூக்கினான்.

உள்ளே இரண்டு பேட்டரிகள், ஒன்றோடொன்று கோத்தவை. இடப்பக்கத்தது கொதித்துக் கொதித்துத் தண்ணீர் வற்றிக் கிடந்தது. வலப்பக்கத்தது சார்ஜ் ஏறாமல், உள்ளுக்குள் உறைந்து, வயிறு உப்பி நின்றது.

ஒன்றுக்கு அஜீரணம், ஒன்றுக்குப் பட்டினி. எத்தனை காலமாக இதே கூத்து.

போன குளிர்காலத்தில் தம்பியோடு சண்டை வந்ததும் இதனால்தான். அப்போது இருவரும் சேர்ந்து லாரி ஓட்டினார்கள். சுரங்கத்து வாசலில் வண்டி வரிசையில் நிற்கும்போதெல்லாம் சபிர்தான் காவலுக்கு உள்ளே படுப்பான். விளக்கைப் போட்டபடியே தூங்கிப் பேட்டரியைக் கொன்றுவிடுகிறான் என்று ரிஸ்கெல்டி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

சபிர் முதலில் சிரித்துத்தான் பார்த்தான். "ஏண்ணே, பேட்டரி என்ன ஆட்டுத்தொடையா, ராத்திரி எந்திரிச்சு நான் கடிச்சுத் தின்ன?"

அண்ணன் சிரிக்கவில்லை.

சபிர் சாப்பாட்டு விரிப்பிலிருந்து ரொட்டியை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். பொய் சொல்லியிருந்தால் இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும் என்றான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. ரொட்டியைக் கையில் எடுத்தவனிடம் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

ரிஸ்கெல்டி பேசினான்.

"அடிக்கட்டும்" என்றான்.

அம்மா வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

அந்த வாரமே சபிர் ரஷ்யாவுக்குப் போய்விட்டான், கட்டட வேலைக்கு.

அவன் போன பிறகும் லாரி திருந்தவில்லை. எரிச்சலில் ஒருநாள் ரிஸ்கெல்டி இரண்டு பேட்டரிகளையும் இடம் மாற்றி வைத்தான். வைத்ததோடு மறந்தும் போனான்.

இன்றுதான் உற்றுப் பார்க்கிறான். மூலை உடைந்த பேட்டரி முன்பு இடப்பக்கம் இருந்து கொதித்தது. இப்போது அதுதான் வலப்பக்கம் உறைந்து கிடக்கிறது. முன்பு உறைந்தது இடப்பக்கம் போய்க் கொதித்திருக்கிறது.

பேட்டரி மாறியும் வியாதி இடம் மாறவில்லை.

விளக்கு எரிந்திருந்தால் இரண்டுமே சேர்ந்து இறங்கியிருக்கும். விளக்கு இரண்டிலிருந்தும் குடிக்கிறது. இங்கே எதுவோ வலப்பக்கத்தில் மட்டும் வாய் வைத்திருக்கிறது.

கையுறையைக் கழற்றிவிட்டு, கரிப்பிசுக்குக்கு அடியில் விரலால் துழாவினான். மெல்லிய ஒயர் ஒன்று தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டே போனான். வலப்பக்கத்து பேட்டரியில் தொடங்கி, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் புகுந்து, பாட்டுப் பெட்டியில் போய் முடிந்தது.

கார்களில் வைக்கிற பாட்டுப் பெட்டி அது. லாரியின் இரண்டு பேட்டரியையும் கொடுத்தால் கருகிவிடும் என்று ஒன்றில் மட்டும் ஒட்டுப்போட்டிருந்தது. பாட்டை நிறுத்தினாலும் அது சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஒட்டுப்போட்ட இடத்தில் துணி நாடா சுற்றி, நுனியைப் பல்லால் கிழித்திருந்தது. தன் கைவேலை ரிஸ்கெல்டிக்குத் தெரியாதா? கல்யாணமான வருஷம், மனைவியை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி போக வேண்டுமென்று அவனே ஆசை ஆசையாய்ச் செய்தது. சபிருக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை.

பனியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்து வீட்டு ஒரோசாலி தன் டிராக்டர் பேட்டரிகளைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. ரிஸ்கெல்டி ஒயரைப் பிடுங்கினான். சுருட்டி மேல்கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

கோளாறு பிடிபட்டதா என்று ஒரோசாலி கேட்டான். பேட்டரி பழசு என்றான் ரிஸ்கெல்டி.

மாற்றிப் பூட்டினார்கள். இந்த முறை லாரி ஒரே உறுமலில் கிளம்பியது.

ஊர் ஆண்கள் பின்பக்கம் ஏறி, நிலக்கரித் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு, நடுவில் வெள்ளைக் கம்பளம் விரித்து, அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முன் இருக்கையில் முல்லா ஏறிக்கொண்டார்.

ஒரோசாலி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ரிஸ்கெல்டி, அந்தப் பேட்டரிச் சண்டைய இன்னும் மனசுல வச்சிருக்காத. மண்ணுல வைக்கிறதுக்கு முன்னாடி, அவன மன்னிச்சிட்டேன்னு அண்ணன் வாயால ஒரு வார்த்த சொல்லிரு."

முல்லா தலையசைத்தார். பின்பக்கத்துப் பேச்செல்லாம் நின்றது. வாசலில் அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிட்டேன்" என்றான் ரிஸ்கெல்டி.

அம்மா அழுதுகொண்டே இரண்டு கைகளையும் ஏந்தி, பெரிய மனசுள்ள மூத்த மகனை வாழ்த்தினாள்.

உங்கள் வீட்டை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும், கண்ணுகளா, தங்கள் காலால் நடந்தே திரும்பி வரட்டும். அவர்களோடு சண்டை போடவும் சமாதானமாகவும் உங்களுக்கு நாள் நிறைய மிச்சமிருக்கட்டும்.