ஏற மறுத்த மேப்

தொண்டியில் வேல்சாமி கடைக்கு நானும் மகன் முஹைதீனும் போனோம். கடல் எல்லைக்கோடு போட்ட புது மேப்பைப் படகு ஜி.பி.எஸ்.ஸில் ஏற்ற வேண்டும். மேப் இருந்த சிடியை நான்தான் வாங்கி வந்திருந்தேன்.

வேல்சாமி கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“ஏற மாட்டேங்குது பாய். சோதிச்சுப் பாத்துட்டு, கம்பெனி குடுத்த ஃபைல் மாதிரி இது இல்லைங்குது. எங்கனயோ மாறியிருக்கு.”

“அந்தச் சோதனையை அமத்திட்டு ஏத்துப்பா,” என்றேன்.

“அமத்தலாம். பல கடையில அமத்தித்தான் வச்சிருக்காக. நான் கம்பெனி வச்சபடியே கறாரா வச்சிருக்கேன். கோடு தப்பா இருந்து உங்க மகன் தாண்டிப் போயி, அந்தப் பக்கத்து நேவிக்காரன் சுட்டுட்டா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். ஏத்து.”

முஹைதீன் சிரித்தான். “டீயவே மோந்து பாத்துட்டுக் குடிக்கிற ஆளு எங்கத்தா. இன்னைக்கு ஒரு சிடிக்கு ஜாமீன் நிக்கிறாக.”

வேல்சாமி தன்னிடமிருந்த நல்ல பிரதியை எடுத்துப் போட்டான். உடனே ஏறிவிட்டது.

“இனிமே பயமில்லத்தா. கோட்டை ஒட்டியே வலை விடலாம். அங்கனதான் எறா கெடக்கு.” முஹைதீன் கருவியைத் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தான்.

அவன் அண்ணன் காசிமும் அப்படித்தான் கோட்டை ஒட்டிப் போனான். குண்டடிபட்ட உடம்பாகத்தான் கரைக்கு வந்தான். இவனாவது மிஞ்சட்டும் என்று, ராமநாதபுரத்தில் ஒருவனைப் பிடித்து, அந்தச் சிடியில் இருந்த கோட்டை நம் கரைப்பக்கமாக இரண்டு மைல் இழுத்துப் போடச் சொன்னவன் நான்தான்.