காகம் தள்ளிய வடை

அமாவாசை வெயில் அம்பகரத்தூர் வீட்டு மதிலில் சுள்ளென்று விழுகிறது. திரிபுரசுந்தரி இலைத்துண்டில் சோறும் பருப்பு வடையும் வைத்து, காகத்தைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். அது தின்னும்வரை வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. எண்ணெய் வடியும் வடையே உயிராக இருந்த மாமனார் மாரடைப்பில் போனதிலிருந்து எண்ணெய்ச்சட்டி பரணில் கிடக்கிறது. சென்னையிலிருந்து மகள் அனுப்பிய பெரிய ஏர் ஃப்ரையர்தான் இப்போது அடுப்படி மேடையை அடைத்துக்கொண்டு உறுமுகிறது. ஒரு வாரமாக மீனும் கிழங்கும் சுட்டு நல்ல பேர் வாங்கிவிட்டது. இன்றைக்கு முதன்முதலாக வடை. நிறமும் மொறுமொறுப்பும் அப்படியே இருக்கிறது, கையில் ஒட்டத்தான் எண்ணெய் இல்லை. காகம் வந்து உட்கார்ந்து சோற்றைக் கொத்துகிறது. வடையை அலகால் ஒரு புரட்டுப் புரட்டி, மதிலுக்குக் கீழே தள்ளிவிடுகிறது. கீழே கவிழ்த்த வாளியில் 'டங்'கென்று சத்தம். "ஐயோ என்னங்க, மாமா தள்ளிவிட்டுட்டாங்க!" காகம் நகராமல் அடுப்படி ஜன்னலையே பார்த்துக் கரைகிறது. தர்ப்பணம் கொடுத்த ஈர வேட்டியோடு நிற்கும் கணவர் தெட்சிணாமூர்த்தி பரணில் கிடக்கும் எண்ணெய்ச்சட்டியை அண்ணாந்து பார்க்கிறார். பிறகு மெல்ல முனகுகிறார்: "போய்ச் சேர்ந்த பிறகும் அப்பா வாயைக் கட்டலையே, சுந்தரி."