படியேறப் பயம்

தப்பாகச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று குருவம்மாள் தயங்கினாள். ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"திருமலைக்கோயில் படியேற எனக்குப் பயமா இருக்குங்க."

அவள் புருஷன் சுந்தரபாண்டியன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். "ஏட்டி, என் தங்கச்சி மகனுக்கு முடி இறக்குதோம். தாய்மாமன் மடியில பிள்ளை, பக்கத்துல மாமி. நீ இல்லாம எப்படி?"

தங்கச்சி முப்பிடாதி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "மதினி எதுக்குத்தான் பயப்படல? ஐந்தருவிக்குப் போயி, அருவிக்குப் பயந்து செம்புல மோந்து குளிச்சவங்கல்லா!"

இலஞ்சி ஊர் முழுக்கத் தெரிந்த கதைதான். குருவம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை.

"மாரித்தாய் கையைப் பிடிச்சுக்கிட்டா ஏறிருவேன். வரப்புல நடந்து பழகுன காலு, வழுக்காது."

முப்பிடாதியின் சிரிப்பு நின்றது. மாரித்தாய் அவர்கள் வயலுக்கு நடவுக்கு வருகிறவள்.

"அவ அடிவாரத்துலேயே நின்னு, மேல பாத்துக் கும்பிட்டுட்டுப் போறவல்லா?"

"திருமலை திருவிதாங்கூர்ச் சீமை. மகாராஜாதான் கோயிலையெல்லாம் எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டாரே," என்றார் சுந்தரபாண்டியன், வெற்றிலையைப் பார்த்தபடி. "உத்தரவு வந்தும் அவளுக்குத்தான் ஏறத் துணிச்சல் இல்ல."

"நம்ம வீட்டு விசேஷத்துக்கு யாரு அண்ணே உத்தரவு போட்டா?"

"அப்ப சரி, நான் வரலை," என்றாள் குருவம்மாள். "பாதிப் படியில உருண்டா யாரு பிடிப்பா? நீ பிடிப்பியா முப்பிடாதி?"

முப்பிடாதி மதினியின் பருத்த உடம்பை மேலும் கீழும் பார்த்தாள். மாமி இல்லாமல் முடி இறக்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது.

"வந்து தொலையட்டும். ஆனா வண்டியில ஏத்தப்படாது. மேல, கோயில் வாசலோட நின்னுக்கிடணும்."

தைப்பூசத்தன்று வில்வண்டிக்குப் பின்னாலேயே மலைக்குக் கீழே உள்ள பண்பொழி வரை நடந்து வந்தாள் மாரித்தாய். அடிவாரத்தில் வழக்கம்போல் நின்று கைகுவிக்கப் போனாள். குருவம்மாள் அந்தக் கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ முருகா, காலு நடுங்குதே! ஏட்டி, பிடியை விட்டிராத!"

படி நெடுக இதே கூப்பாடு. எதிரே இறங்கியவர்கள் ஒதுங்கி நின்று சிரித்தார்கள்.

மேலே மொட்டை போட்டு, சந்தனம் பூசியாயிற்று. இனி சாமி பார்க்க வேண்டியதுதான். வாசலில் முப்பிடாதி குறுக்கே வந்தாள்.

"இனிமே சமதரைதானே மதினி. கையை விடலாம்."

மாரித்தாய் கையை உருவப் பார்த்தாள். குருவம்மாள் குனிந்து வாசல் கல்லை உற்றுப் பார்த்தாள்.

"எண்ணெய் சிந்திக் கிடக்கு. விட்டா விழுந்துருவேன்."

இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குள் இரண்டு பேரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

மணி அடித்தது. கற்பூர வெளிச்சத்தில் முருகன் முகம் தெரிந்தது.

"நாச்சியாரே," என்றாள் மாரித்தாய். "கையைக் கொஞ்சம் விடுங்க. கும்பிடணும்."

குருவம்மாள் விட்டாள்.

இறங்கும்போது மொட்டைப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் விறுவிறுவென்று போனாள் குருவம்மாள்.

"ஏட்டி, பயமெல்லாம் எங்க போச்சு?" என்று பின்னாலிருந்து மூச்சிரைக்கக் கேட்டார் சுந்தரபாண்டியன்.

முப்பிடாதி மதினியின் கால்களையே பார்த்துக்கொண்டு இறங்கினாள். அடிவாரத்துக்கு வந்ததும், "மதினி, நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

குருவம்மாள் சட்டென்று பிள்ளையை அவள் கையில் திணித்தாள். ஓடிப்போய் மாரித்தாயின் கையைப் பற்றிக்கொண்டு, சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்த வண்டிமாட்டைக் காட்டி அலறினாள்.

"ஐயோ, மாடு மிரளுதே! ஏட்டி மாரித்தாயி, வண்டியில உக்கார எனக்குப் பயமா இருக்கு. நீயும் ஏறி என் பக்கத்துல உக்காரு!"