மூணு ஃபேன் கார்டு

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது, நாத்தனார் தன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறாள் என்று.

கழற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. தரையில் இருந்த பெட்டியைப் பிடித்து எழுந்து நின்ற மகள், மேல் இடுக்கு வழியாக ஐஸ்கிரீம் குச்சியைத் தபால் போட்டுவிட்டாள். உள்ளே டரடரவென்று சத்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தாள்.

குச்சி கிடைத்தது. கூடவே, திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டும் கண்ணில் பட்டது.

போன வாரம் அவளுக்காகக் கடையில் வாங்கியது ரெண்டு ஃபேன் வைத்த சின்ன கார்டு. உள்ளே உட்கார்ந்திருந்ததோ நீளமாக, மூணு ஃபேனோடு, ஓரமெல்லாம் கீறலாக ஒன்று. நடு ஃபேனில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு. அது யாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வருஷக்கணக்காக நாத்தனார் கேம் ஆடித் தேய்த்த கார்டு.

புதுசை எடுத்துக்கொண்டு பழசை அண்ணி தலையில் கட்டியிருக்கிறாள்.

நாத்தனாருக்கு வீட்டில் 'சில்லறை' என்று பேர். பஸ்ஸில் மீதியை வாங்காமல் இறங்கமாட்டாள். அதனால்தான் ஒவ்வொரு பாகத்தையும் அவளையே பார்த்து வாங்கி, மாட்டித் தரச் சொன்னார்கள். கடையில் அவள் கை வைக்காத இடமில்லை. லைட் எரியும் ராம் மெமரி எதுக்கு, உள்ளே கல்யாணமா நடக்குது என்றாள். கண்ணாடி மூடி எதுக்கு, மீனா வளர்க்கப்போறோம், தகரமே போதும் என்றாள். கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையில் மட்டும் திடீரென்று தாராளம். இந்தச் சின்ன கார்டுக்கு இது ரொம்ப அதிகம்மா என்று கடைக்காரரே சொன்னார். "இருக்கட்டும்ண்ணே" என்றுவிட்டாள்.

தகர மூடி எதற்கு என்று இப்போது புரிந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது.

வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். விடு, சின்னப் பொண்ணு என்றார் அவர். உங்க தங்கச்சி கிழவியானாலும் உங்களுக்குச் சின்னப் பொண்ணுதான் என்று வைத்துவிட்டாள்.

கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். குழந்தை பிறப்பதற்கு முன் ஓர் ஆபீஸில் வீடுகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் போவதற்குள் அந்த நாற்காலியில் வேறு ஆள். அப்புறம் வந்த ஒரு வாய்ப்பும், பழைய லேப்டாப்பில் படம் பாதியில் நின்றுபோனதால் கை நழுவியது. நாளைக் காலை இன்னொரு கம்பெனியில் தேர்வு. கம்ப்யூட்டரில் மட்டும் வரைந்திருக்கும், இன்னும் கட்டாத வீட்டுக்குள் வாடிக்கையாளரை வீடியோவில் நடத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதுவும் போனால் இன்னொரு கதவைத் தட்ட அவளுக்குத் தெம்பில்லை. இந்தக் கிழட்டுக் கார்டு நடுவில் உயிரை விட்டால்?

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாத்தனார் அறைக்குப் போனாள்.

சில்லறை கட்டிலில் படுத்து, யாரோ கேம் ஆடுவதை போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகவே அவள் ஆடுவதில்லை. அலுத்துப்போச்சாம். இப்பத்தான் பொண்ணுக்குப் புத்தி வந்திருக்கு என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

அவளுடைய கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. இழுத்தாள். உள்ளே ரெண்டு ஃபேனோடு பளபளவென்று புதுக் கார்டு.

"இது என்னோடது."

சில்லறை எழுந்து உட்கார்ந்தாள். "ஆமா அண்ணி."

ஒரு சாக்காவது சொல்வாள் என்று வந்தவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. "கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே. இப்படித் திருட்டுத்தனமா மாத்தணுமா? நாளைக்கு எனக்கு என்ன நாள்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "சரி, வாங்க. மாத்திடலாம்."

புதுக் கார்டைக் கழற்றிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரோடு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மாற்றினாள். குழந்தை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. முடியை விடுவித்துக்கொண்டு அடுத்த ஸ்க்ரூவைத் திருகினாள்.

"நாளைக்குக் காட்டப்போற வீட்டை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அண்ணி."

ஓட்டினாள். வாசல் கதவு திறந்தது. ஹால் வெள்ளை வெளேரென்று நின்றது. சோபா வந்தது, சுவர் வரவில்லை. சமையலறைக்குள் கால் வைத்ததும் படம் அப்படியே உறைந்துவிட்டது. போன தடவை லேப்டாப்பில் நின்றதும் இப்படித்தான்.

மௌஸை மறுபடி மறுபடி அழுத்தினாள்.

"நம்ம கையில இருந்த காசுக்கு இந்தக் கார்டுதான் அண்ணி கிடைச்சது. என்னோடது பார்க்கத்தான் பழசு. உங்க வீட்டையே தூக்கிட்டு ஓடும்." சில்லறை மறுபடி குனிந்து மூணு ஃபேன் கார்டைப் பொருத்தினாள். அதற்கு மட்டும் தனியாக வேண்டிய வயரை, பெரிய பவர் சப்ளையிலிருந்து இழுத்துச் செருகினாள்.

அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள் அண்ணி. "அப்போ… கடையிலேயே முடிவு பண்ணிட்டியா?"

"சொல்லியிருந்தா வாங்கிக்கவா போறீங்க?"

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. சிவப்புப் பொட்டு சுழன்று வளையமானது. வாசல், ஹால், சமையலறை, மாடிப்படி என்று எங்கும் திக்காமல் நடந்து, பால்கனியில் போய் நின்றது வீடு.

அவள் திரையிலிருந்து திரும்பினாள். "உன் பெட்டியில அந்தச் சின்ன கார்டை வச்சுக்கிட்டு நீ எப்படி கேம் ஆடுவே?"

"அதான் அலுத்துப்போச்சுன்னு சொன்னேனே அண்ணி" என்றாள் சில்லறை, தகர மூடியைத் தேடிக்கொண்டே.