விட்ட மீன்

வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப் போய்த் தூண்டில் போடவைப்பதுதான் லியோனின் பிழைப்பு. பிடித்த மீனைப் படமெடுத்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று வந்த பரணிதரன், கோழியிறகு கட்டிய தூண்டிலில் ஒரு பெரிய பாரை மீனை மாட்டிவிட்டார். தூண்டிலின் நைலான் நரம்பு நூல்போல மெலிசு. விட்டு விட்டு இழுத்து வெகுநேரம் மல்லுக்கட்டினார். படமெடுத்துத் தண்ணீரில் விட்டதும் அது வயிற்றைக் காட்டி மிதந்தது.

லியோன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். வாலைப் பிடித்து, அடிவயிற்றைத் தாங்கி, செவுளுக்குள் தண்ணீர் ஓடி மூச்சு திரும்பட்டும் என்று, மீனின் வாய் நீரோட்டத்தைப் பார்க்கும்படி நிறுத்தினான். காலையிலிருந்து படகைக் கழியால் தள்ளிய தோள் கடுத்தது. செவுள் அசையவில்லை.

“விடுங்கண்ணே, செத்துப்போச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைங்க” என்றார் பரணிதரன் படகிலிருந்து.

“பொறுங்க சார்.”

“இதுக்கு முன்னாடி விட்டதெல்லாம் பிழைச்சுதா?”

வழக்கமாக யாரும் கேட்பதற்கு முன்பே ‘பொழச்சிரும் சார்’ என்று சொல்லிவிடுவான். இன்று அதைச் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

“தெரியாது சார். கண்ணுக்கு மறையுற வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.”

 பரணிதரன் ஷூவோடேயே தண்ணீரில் இறங்கி வந்தார்.

“குடுங்க, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன்.”

லியோன் அவர் கையை எடுத்து வாலில் வைத்துவிட்டு, படகின் விளிம்பில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான்.

“அண்ணே, இது அசையுதா, இல்ல அலையா?”

லியோன் கண்ணைத் திறக்கவில்லை.

“கைய எடுத்துராதீங்க சார்” என்றான்.