சகலையின் ஈப்பொறி

என் சகலை வீட்டு ஜன்னலில் ஓர் ஈப்பொறிச் செடி இருக்கிறது. ஈ வந்து உட்கார்ந்தால் இலை வாயை மூடிக்கொள்ளும். அவரிடம் நான் வாங்கி வந்த கன்று குழாய்த் தண்ணீரில் கருகிப்போனது. அவர் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறாராம்.

"செடிகூட அவர் கையிலதாங்க சிரிக்குது," என்றாள் என் மனைவி. என் துணிக்கடைக்கு எதிர்க்கடையில் கூட்டம் நின்றால் வருகிற வயிற்றெரிச்சல் எனக்கு வந்தது.

வீணாக மூடவைத்தால் அந்த இலைகள் களைத்து வாடிவிடும். சகலை வீட்டில் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது அவர் செடியின் ஒவ்வொரு வாயிலும் ஆள்காட்டி விரலை விட்டு மூடவைத்தேன்.

ஏமாந்து மூடிய வாய் மறுநாளே திறந்துவிடும். மறுநாள் போனில் கேட்டேன், இவை திறக்கவில்லையாம்.

"நல்லா சாப்பிட்டிருக்குண்ணே, செரிக்கட்டும்," என்றார் சகலை.

விரல் வைத்தால் திறக்கும் என் போன் அன்று மாலை திறக்க மறுத்தது. விரலைத் துடைத்துப் பார்த்தேன். நுனியில் ரேகையே இல்லை. பீங்கான்போல் வழவழவென்று இருந்தது.

அடுத்த வாரம் போனோம். வாய்கள் திறந்திருந்தன. செடி முன்னைவிடச் செழிப்பு. ஒவ்வொரு வாயினுள்ளும் சிவப்பாகச் சுழிசுழியாய்க் கோடுகள், குறுக்கே ஒரு தழும்பு. சின்ன வயதில் துணிக் கத்தரி என் விரலில் போட்ட அதே தழும்பு.

"அடேயப்பா, என்ன வேலைப்பாடு! எல்லாம் உங்க கைராசி தம்பி," என்றாள் மனைவி.

சகலை கூச்சத்தோடு சிரித்தார். சரக்கு என்னுடையது, பேர் அவருக்கு. உரிமை கொண்டாடலாமென்றால், காட்டுவதற்கு என் விரலில் ஒன்றுமில்லை.