தெத்துப்பல்

தொண்டைப் புற்றுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சில் உமிழ்நீர் வற்றிப் பற்கள் சொத்தையாகிவிடக் கூடாதென்று, தாண்டவராயனின் மனைவி கோமளவல்லிக்குப் பல் டாக்டர் அச்சு எடுத்தார். அந்த அளவில் செய்த மெல்லிய உறையில் ஃப்ளோரைடு ஜெல்லைத் தடவி, தினமும் பத்து நிமிடம் பற்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகும், ஆயுள் முழுக்க.

"அம்மா சிரிக்கிறப்ப அந்தத் தெத்துப்பல் அழகா இருக்குங்கய்யா" என்றார் அந்த இளம் டாக்டர். தாண்டவராயனுக்குச் சுருக்கென்றது. அப்படியொரு பல் இருப்பதே அவருக்குத் தெரியாது. "நம்ம வீட்டுப் பொம்பளைங்க பல்லு தெரியச் சிரிக்கிறதில்ல" என்று கல்யாணமான முதல் வாரமே சொன்னவர் அவர்தான். நாற்பத்தொரு வருடமாக அவள் முந்தானைக்குள்தான் சிரித்தாள்.

"எங்க வீட்டுப் பல்லு வெளியில கிடக்கக் கூடாது" என்று அந்தப் பிளாஸ்டர் அச்சைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் உறையை மாட்டி வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பல்வரிசை அவர் கையில் இருந்தது. தெத்துப்பல்லைக் கட்டைவிரலால் தடவியபடியே கேட்டார்: "அவன்கிட்ட மட்டும் எப்படிச் சிரிச்சே?"

அவள் கடிகாரத்தைக் காட்டினாள். இன்னும் நான்கு நிமிடம். அவர் அசையாமல் காத்திருந்தார். உறையைக் கழற்றித் துப்பிவிட்டு வந்தவள், "வலிக்குதாம்மான்னு கேட்டாருங்க. அதான்" என்றாள்.

அவர் அச்சை மேசைமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வலிக்குதா, வல்லி?"

அவள் கண்கள் சிரிப்பில் சுருங்கின. கை தானாக முந்தானையைத் தேடிப் போனது.